பவித்ரா எழுதாத பரீட்சை

தொண்ணூற்றெட்டரை நல்ல மார்க்குதான். ஒரு பிள்ளை வாங்கி வந்தால் வீட்டில் பாயசம் வைப்பார்கள், தெருவுக்கே மிட்டாய் கொடுப்பார்கள். அதையே ஓர் அரசுப் பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதமாக வாங்கினால் அதன் தலைமையாசிரியர் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். மரியராஜ் சார் அப்படி நின்றவர். போன வருஷம் அவர் பள்ளியில் ஒரே ஒரு பையன் அறிவியலில் கவிழ்ந்துவிட்டான். ஆய்வுக் கூட்டத்தில் நூறு எடுத்த பள்ளிக்காரர்கள் எல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, "அந்த ஒருத்தன் ஏன் சார்?" என்று மேடையிலிருந்து வந்த கேள்விக்கு இவர் பின்வரிசையில் நின்றபடி பதில் தேடினார். அந்தப் பையனின் அப்பா செத்துக் காரியம் முடியாத வாரத்தில் பரீட்சை வந்தது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் அங்கே அது ஒரு காரணமாக யாருக்கும் பட்டிருக்காது.

மரியராஜ் நல்ல மனுஷர். பிள்ளைகளைக் கைநீட்டி அடிக்க மாட்டார். கழிப்பறைக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே மோட்டாரைப் பிரித்துப் பார்ப்பார். நல்ல மனுஷர்களை எதுவும் கெடுத்துவிடாது என்று நினைப்பவர்கள், அவர்களை நாலு பேர் முன்னால் நிற்க வைத்துப் பார்த்ததில்லை.

அந்த ஒன்றரையைப் பிடிக்க இந்த வருஷம் சேவுகம்பட்டிப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பள்ளிக்கூடம் படாத பாடு பட்டது. காலையில் சிறப்பு வகுப்பு, சாயங்காலம் சிறப்பு வகுப்பு, நடுவில் பசிக்குச் சுண்டல். பொங்கல் கழிந்தபோது தேறுவார்களா என்ற சந்தேகம் மூன்று பேர் மேல் மிஞ்சியது. அதில் அஜித்தும் முகேஷ்குமாரும் பிப்ரவரிக்குள் கரையேறிவிட்டார்கள். மிச்சம் நின்றவள் பவித்ரா. அவளும் கணக்கில் மட்டும்தான். தமிழில் எழுபதுக்குக் குறைய மாட்டாள்.

கணக்கு டீச்சர் நான்சி. வத்தலக்குண்டில் வீடு, தினமும் ஸ்கூட்டியில் வந்து போவாள். வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருஷத்தில் எந்த மேடையிலும் அவள் பெயரை யாரும் படித்ததில்லை. அதைப் பற்றிக் கவலையில்லை என்று வெளியே சொல்லிக்கொள்வாள். கவலை இருந்தது. பாடவாரியாக நூறு காட்டிய ஆசிரியர்களுக்கு இந்த வருஷம் திண்டுக்கல்லில் தனியாகக் கேடயம் உண்டு என்று சுற்றறிக்கை வந்தபோது அதை இரண்டு தடவை படித்தாள்.

பிப்ரவரிக் கடைசியில் மரியராஜ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நான்சி டீச்சர், அந்தப் புள்ள எப்புடி இருக்கு?"

"வடிவியல் நல்லாப் போடுது சார். வரைபடமும் வருது. மத்ததுலதான் தடுமாறுது. போன டெஸ்ட்ல இருபத்தெட்டு, இந்தத் தடவ முப்பத்தொண்ணு."

"முப்பத்தஞ்சு வருமா?"

"வரலாம் சார்."

"வரலாம்னு ஒரு பதில் கெடையாது டீச்சர். வரும், இல்லாட்டி வராது."

அவர் மின்விசிறியைப் பார்த்தார், மேசைக் கண்ணாடியைப் பார்த்தார், அவளை மட்டும் பார்க்கவில்லை. "அந்தப் புள்ளைக்கு ரெஸ்ட் குடுத்துருவோம்" என்றார்.

ஆசிரியர் அறைகளில் இந்த வார்த்தைக்கு ஓர் அர்த்தம் உண்டு. பரீட்சைக்கு வந்து ஒரு பாடத்தில் தோற்றாலும் பள்ளியின் நூறு போய்விடும். ஒரு பாடத்துக்கும் வராத பிள்ளையோ எழுதியவர்களிலும் சேர மாட்டாள், தோற்றவர்களிலும் சேர மாட்டாள். ஆளே இல்லை என்றாகிவிடும். அதனால் தேறாது என்று தோன்றுகிற பிள்ளையை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுவது. ஏன் வரவில்லை என்று மேலே கேட்டால் அம்மை போட்டிருக்கிறது என்று எழுதிவிடலாம். பங்குனி வெயிலில் அம்மையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வந்து பார்க்கவும் மாட்டார்கள்.

"அவுங்க அம்மாகிட்ட நீங்க பேசுங்க. பொம்பளைக்குப் பொம்பள சொன்னாக் கேப்பாக" என்றார் மரியராஜ்.

பவித்ராவின் அம்மா மூக்காயி மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கிறவள். அப்பா திருப்பூருக்கு வேலைக்கென்று போனவர், அங்கேயே வேறு குடும்பம் என்று ஆகிவிட்டது. சனிக்கிழமை காலையில் நான்சி தோட்டத்துக்கே போனாள். மூக்காயி மடியில் மொக்கைக் கட்டிக்கொண்டு குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால் பக்கத்து வரிசையில் பவித்ராவும் இருந்தாள். டீச்சரைக் கண்டதும் இரண்டு பேருக்கும் கைகால் ஓடவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இவளுக்குக் கணக்கு இன்னும் கொஞ்சம் வரணும். மார்ச்சுல எழுதாம ஜூலையில துணைத் தேர்வு எழுதட்டும். அதுல பாஸ் பண்ணுனாலும் இந்த வருசமே பிளஸ் ஒன் சேந்துறலாம்."

"இப்ப எழுதுனா பெயிலாயிருவாளா டீச்சர்?"

"ஆயிட்டா மனசு ஒடிஞ்சு போகும்லக்கா, அதுக்குத்தான்."

"நீங்க சொன்னாச் சரித்தான். எனக்கு என்ன தெரியும்?" என்றாள் மூக்காயி. டீச்சர் தோட்டம் வரைக்கும் வந்து தன்னை அக்கா என்று கூப்பிட்டதிலேயே பாதி மயங்கியிருந்தாள். அம்மை என்று சொன்னபோது மட்டும் அவள் கை செடியில் நின்றுவிட்டது.

"ஆத்தாள வச்சுப் பொய் சொல்லலாமா டீச்சர்?"

"சும்மா பேருக்குத்தான்க்கா."

"பேருக்குன்னாலும் அது ஆத்தா பேரு டீச்சர்."

நான்சி மாதா கோயிலுக்குப் போகிறவள். இந்த வார்த்தையின் கனம் அவளுக்குப் பிடிபடவில்லை. சிரித்து மழுப்பினாள். அப்போதுதான் பவித்ரா நேராக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எனக்குக் கணக்கு வராதா டீச்சர்?"

அந்த இடத்தில் சொல்வதற்கு எத்தனையோ இருந்தன. வரும்டா, இன்னும் நாலு மார்க்குதான் பாக்கி என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. அதைச் சொன்னால் பின்னே ஏன் எழுத வேண்டாம் என்கிறீர்கள் என்று அந்தப் பிள்ளை கேட்டிருக்கும். நான்சி, "கஷ்டந்தான்டா" என்றாள். பிறகு அவசரமாக, "மே மாசம் பூரா என் வீட்டுக்கு வா. பக்கத்துல ஒக்கார வச்சு நானே சொல்லித் தாரேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள். பவித்ரா தலையாட்டினாள். டீச்சர் வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம் என்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் தெரிந்தது. அழவே இல்லை. அழுதிருந்தால் நான்சி ஒருவேளை மனசு மாறியிருப்பாள் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதுவும் ஒரு சமாதானம்தான்.

பரீட்சை தொடங்கிய இரண்டாம் நாள் சாயங்காலம், சந்தேகம் கேட்க வந்த பிள்ளைகள் நான்சியிடம் சொன்னார்கள்: "பவித்ராவுக்கு நெசமாவே அம்மை டீச்சர். வாசல்ல வேப்பிலை சொருகியிருக்கு." அவள் உடனே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். வேப்பிலை இருந்தது. வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. மூக்காயி ஈரச்சேலையோடு வெளியே வந்தாள்.

"என்னக்கா, நெசமாவா?"

"இல்ல டீச்சர். சொல்லிட்டோம்ல, அதுக்காகச் செய்றேன். ஆத்தா வந்திருக்கான்னு வாயால சொல்லிட்டு, அவளுக்குச் செய்ய வேண்டியதச் செய்யாட்டிக் கோவிச்சுக்கிருவா. நானும் விரதம் இருக்கேன். வீட்டுல தாளிக்கல, கறி காய்னு வெஞ்சனம் ஒண்ணும் வைக்கல."

உள்ளே ஜன்னலைச் சாத்திய இருட்டில் வேப்பிலை மேல் பாய் விரித்துப் பவித்ரா படுத்திருந்தாள். பக்கத்தில் இளநீர் இருந்தது. அம்மை கண்டவர்கள் கண்ணைச் சிரமப்படுத்தக் கூடாது என்பதால் புத்தகத்தையும் எடுத்து மேலே வைத்துவிட்டாள் அம்மாக்காரி. "உள்ள வராதீங்க டீச்சர், ஒங்களுக்கும் ஒட்டிக்கிரும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை தானே சிரித்தது. "படுத்தே கெடக்கவும் மேலு சுடுற மாதிரி இருக்கு டீச்சர்." சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை அவள். வீட்டுப்பாடம் ஒன்றுகூட விடாமல் எழுதி வருகிறவள்தான். அதே கருத்தோடு நோயாளியாகவும் படுத்திருந்தாள். கூட்டாளிகள் யாரும் அந்தத் தெருப் பக்கம் வரவில்லை. பரீட்சை முடிகிற வரைக்கும் அவளும் வெளியே வரவில்லை.

கணக்குப் பரீட்சை அன்று நான்சிக்கு நிலக்கோட்டைப் பக்கம் வேறு பள்ளியில் மேற்பார்வை வேலை. மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தபோதே முகங்களில் வெளிச்சம் தெரிந்தது. "ஈசி மிஸ், ரொம்ப ஈசி!" என்று யார் யாரோ பிள்ளைகள் அவளிடம் சொல்லிக்கொண்டு ஓடினார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு வினாத்தாளைப் பிரித்தாள். முதலில் வடிவியலைப் பார்த்தாள். பவித்ரா கண்ணை மூடிக்கொண்டு வரைகிற முக்கோணம். வரைபடமும் வகுப்பில் மூன்று தடவை போட்ட அதே மாதிரி. அந்த இரண்டிலேயே பதினாறு. ஒரு மதிப்பெண் வினாக்களில் இது தெரியும், இது தெரியும், இது தெரியாது, இது தெரியும். விரல் விட்டுக்கொண்டே போனாள். நாற்பதைத் தாண்டியதும் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். அதற்கு மேல் பார்க்கத் தைரியம் இல்லை.

அவள் செய்தது தப்பு. பஸ் ஸ்டாப்பிலேயே அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? இதை யாரிடம் சொல்வது? மரியராஜிடம் சொன்னால் "விடுங்க டீச்சர், பேப்பர் கஷ்டமா வந்திருந்தா?" என்பார். வீட்டில் சொன்னால் கேடயம் வாங்கப்போகிற நேரத்தில் ஏன் இந்தப் பேச்சு என்பார்கள். ஆக, யாரிடமும் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

மே மாதம் முடிவு வந்தது. நூறு. மரியராஜ் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினார். அழுதிருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. வெடி போட்டார்கள். லட்டு வந்தது. பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். முதல் மூன்று இடம் பிடித்த பிள்ளைகள் நடுவில், மரியராஜ் சார் மேலே, பாட ஆசிரியர்கள் சுற்றிலும் வட்ட வட்டமாக. நான்சியின் படம் ஆதார் அட்டையிலிருந்து எடுத்தது போல இருந்தது. இருந்தாலும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவள் வண்டி கொஞ்சம் மெதுவாகத்தான் போனது.

அன்றைக்குப் பவித்ராவும் வந்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் மார்க்கைச் சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த கூட்டத்தில், சொல்ல ஒன்றும் இல்லாமல், எல்லோரையும் விடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். கையில் டீச்சருக்கென்று ஒரு முழம் மல்லிகை.

"நூறு வந்துருச்சாமே டீச்சர்!"

"ஆமாடா" என்றாள் நான்சி. பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "அடுத்த வாரத்துல இருந்து வீட்டுக்கு வா. ஆரம்பிச்சுருவோம்."

அடுத்த வாரம் நான்சியின் தம்பிக்குத் திருச்சியில் கல்யாணம். போன இடத்தில் அவள் மகனுக்குக் காய்ச்சல். திரும்பி வந்ததும் பயிற்சி வகுப்பு என்று திண்டுக்கல்லுக்கு ஓட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான், ஒவ்வொன்றும் தானாகத்தான் வந்தது. பவித்ரா இரண்டு தடவை பஸ் ஏறி வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போனதாகப் பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி சொன்னாள். "நல்ல புள்ள. தண்ணி குடுத்தேன், வாங்கிக் குடிச்சிட்டு, டீச்சர் வந்தா நான் வந்தேன்னு சொல்லாதீங்கன்னு சொல்லுச்சு. ஒங்களுக்குச் சங்கடமா இருக்குமாம்" என்றாள். நான்சி துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வேலையை மட்டும் தானே முன்னின்று முடித்தாள். அதை முடித்ததும் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

ஜூனில் பள்ளி திறந்த கையோடு மூக்காயியை வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பார்த்தாள்.

"புள்ளைய மில்லுக்கு அனுப்பிட்டேன் டீச்சர். வேடசந்தூர்ப் பக்கம். வேன் வந்து கூட்டிட்டுப் போயிருச்சு. ஆஸ்டல்லயே தங்கிக்கிரலாம்."

"ஏங்க்கா! ஜூலையில பரீட்சை இருக்குல்ல?"

"அது சரிப்படாது டீச்சர். ஆத்தா பேரச் சொல்லி ஏமாத்துனோம். என்னதான் வெரதம் இருந்தாலும் பொய் பொய்தான. அந்தப் படிப்பு இவளுக்கு வெளங்குமா?" மூக்காயி குரலில் வருத்தமோ குற்றச்சாட்டோ இல்லை. இப்படித்தான் ஆகும் என்று முன்பே தெரிந்தவள் போலப் பேசினாள். "ஒங்க மேல ஒண்ணும் இல்ல டீச்சர். நீங்க நல்லதுதான் சொன்னீக."

"ஹால் டிக்கெட் நான் வாங்கித் தாரேன். ரெண்டு வாரம் லீவு மட்டும் கேட்டு வாங்குங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

"அவகிட்டயே கேளுங்க. அவ எழுதுறேன்னா நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்?"

பாராட்டு விழா ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை, திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. திங்கட்கிழமை துணைத் தேர்வு தொடக்கம். நான்சியின் கைப்பையில், இன்னும் கொண்டுபோய்க் கொடுக்காத பவித்ராவின் ஹால் டிக்கெட் இருந்தது. மரியராஜ் புதுச்சட்டை போட்டிருந்தார். தேய்த்த மடிப்புக்கூடக் கலையவில்லை. மூன்றாவது வரிசை நாற்காலியில் தன் பள்ளியின் பெயர் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்து அவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்ததை நான்சி பார்த்தாள். அவர் மேல் கோபப்பட நினைத்தும் அவளால் முடியவில்லை.

சால்வை குறைவாக இருந்தது போலிருக்கிறது. மேடையில் போர்த்தி, போட்டோ எடுத்து, கீழே இறங்குகிற இடத்தில் ஒரு பையன் அதைப் பவ்யமாகத் திரும்ப வாங்கி மறுபடி மேடைக்குக் கொண்டுபோனான். கேடயம் மட்டும் அவரவருக்கு. நான்சிக்குப் பக்கத்தில் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்த அன்புக்கரசி என்ற டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவரும் கணக்குதான். கலகலப்பான மனுஷி. மிக்சர் பொட்டலத்தைப் பிரித்து நீட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், உங்க ஸ்கூல்ல எத்தன பேருக்குங்க ரெஸ்ட்டு?"

நான்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒருத்திக்கு" என்றாள்.

"ஒண்ணுதானுங்களா? பரவாயில்லீங்களே. எங்களுதுல மூணுங்க." அன்புக்கரசி மிக்சரை மென்றார். "முன் சீட்டுல இருக்காருங்களே, அவுங்க பள்ளிக்கூடத்துல அஞ்சுன்னு பேச்சு. ஒம்பதாவதுலயே டிசி குடுத்து அனுப்பிட்டா இந்தத் தலவலியே இல்லீங்க. எங்க ஹெச்செம் அடுத்த வருசம் அப்புடித்தான் பண்ணப் போறாராம்."

நான்சி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். பட்டுச்சேலைகள், புதுச்சட்டைகள், சந்தனப் பொட்டுகள். எல்லோரும் உழைத்தவர்கள்தான். காலையில் இருட்டோடு பஸ் ஏறி வந்து பாடம் நடத்தியவர்கள்தான், அதில் பொய் இல்லை. இதுவரை அந்தத் தப்பைத் தான் ஒருத்தி மட்டும் செய்ததாக அவள் நினைத்திருந்தாள். அது வேதனையாக இருந்தாலும், சொன்னால் யாராவது அதிர்ச்சி அடைவார்கள் என்ற நம்பிக்கையும் அதற்குள் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. இந்த மண்டபத்தில் யாரிடம் சொன்னாலும் மிக்சர் நீட்டுவார்கள்.

மேடையில் பேசியவர், "ஒரு குழந்தையைக்கூடக் கைவிடாத ஆசிரியப் பெருமக்களே" என்று ஆரம்பித்தார். கைதட்டல் கூரையைத் தொட்டது. மரியராஜ் தட்டினார். அன்புக்கரசி தட்டினார். நான்சியும் தட்டினாள். அவள் பெயரைப் படித்தபோது போய்ச் சால்வை போர்த்திக்கொண்டு கேடயத்தை வாங்கி, போட்டோவுக்குச் சிரித்துவிட்டு வந்தாள். இத்தனை வருஷம் காத்திருந்த அந்த நிமிஷம் தலைச்சுற்றல் மாதிரி இருந்தது.

சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. "மாமியா வீட்டுக்குப் போகணும் சார்" என்று மரியராஜிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வேடசந்தூர் பஸ்ஸில் ஏறினாள். எப்படியாவது பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். இரண்டு நாள் வீட்டில் வைத்துச் சொல்லித்தர வேண்டும். வடிவியலும் வரைபடமும் இருக்கிறது, முப்பத்தைந்தை எடுத்துவிடுவாள். பஸ்ஸில் மனசுக்குள் எதை எதைச் சொல்லிக்கொடுப்பது என்று வரிசையாக யோசித்துக்கொண்டே வந்தாள். இந்த ஒன்று நடந்துவிட்டால் மற்றதையெல்லாம் எப்படியோ சகித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

மில் வாசலில் காவல்காரர் பெயர் கேட்டு உள்ளே சொல்லி அனுப்பினார். பவித்ரா ஓடிவந்தாள். சேலை மாதிரி நீளமாக ஒரு நீலக் கோட்டு, தலையில் தொப்பி, புருவத்தில் பஞ்சு. இளைத்திருந்தாள். ஆனால் சிரிப்பு அதேதான். பின்னாலேயே இரண்டு பெண்கள் யாரென்று பார்க்க வந்து நின்றார்கள்.

"டீச்சர்! எப்புடி டீச்சர் இம்புட்டுத் தூரம்!" நான்சியின் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கேடயத்தை அவள் பார்த்துவிட்டாள். "இது நம்ம ஸ்கூலுக்கா டீச்சர்?" கேட்காமலேயே இரண்டு கையாலும் வாங்கிப் பின்னால் திரும்பிக் காட்டினாள். "ஏய், பாருங்கடி, எங்க ஸ்கூலு! நூத்துக்கு நூறு!"

"நீ பத்தாவது முடிக்கலன்னு சொன்ன?" என்றாள் ஒருத்தி.

"நான் எழுதலடி. நான் எழுதியிருந்தா நூறு வந்திருக்காதுல்ல" என்றாள் பவித்ரா. அவள் குரலில் பெருமை இருந்தது. கேலி இல்லை, மனத்தாங்கல் இல்லை, வெறும் பெருமை.

நான்சி அவளைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் ஹால் டிக்கெட்டை எடுத்தாள். "திங்கக்கெழம பரீட்சை. இப்பவே என்கூட வா. நான் மில்லுல பேசுறேன்."

பவித்ராவின் முகம் மாறியது. பயந்துபோனாள். "வேணாம் டீச்சர். எனக்கு வராது."

"வரும்டா. இங்க பாரு, நான் அன்னைக்குச் சொன்னது பொய். மார்ச்சுல நீ எழுதியிருந்தா பாஸ். அந்தப் பேப்பர நான் பாத்தேன். நீ போடக்கூடியதெல்லாம் கூட்டிப் பாத்தேன். நாப்பதுக்கு மேல வந்துச்சு. நான்தான் ஒன்னைய எழுதவிடல. நூறு வேணும்னு எழுதவிடல. புரியுதா?"

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மாதக்கணக்கில் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. திட்டட்டும், அழட்டும், கேடயத்தைத் தூக்கித் தரையில் போடட்டும் என்று காத்திருந்தாள். பவித்ரா மெல்ல அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வருத்தப்படக் கூடாதுன்னு சொல்றீக. எனக்குத் தெரியும் டீச்சர். நீங்க பொய் சொல்ல மாட்டீக."

"இப்ப சொல்றதுதான்டா நெசம்!"

"பரவால்ல டீச்சர். நான் இங்க நல்லாத்தான் இருக்கேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இப்பப் போயி எழுதிப் பெயிலாயிட்டா? இம்புட்டுப் பாடுபட்டு வாங்குன நூறு போயிராதா?"

"போகாது. நீ இப்ப எழுதுறது ஸ்கூல் ரிசல்ட்டுல சேராதும்மா."

"சேராதா?"

"சேராது. தைரியமா எழுதலாம்."

பவித்ரா யோசித்தாள். அவள் யோசிப்பதைப் பார்த்து நான்சிக்கு ஒரு கணம் ஆசை துளிர்த்தது.

"அப்ப எதுக்கு டீச்சர்?" என்று கேட்டாள் பவித்ரா.

உனக்காக என்று நான்சி சொல்லியிருக்கலாம். பத்து வருஷப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளையிடம் யாரும் அப்படி ஒன்றைச் சொன்னதில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாய் திறப்பதற்குள் ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. பவித்ரா கேடயத்தைக் கோட்டு நுனியால் ஒருதரம் துடைத்து அவள் கையில் கொடுத்தாள். "வாரேன் டீச்சர். லேட்டானா சூப்பர்வைசர் அக்கா வையும். நீங்க சாப்ட்டுப் போங்க, ரோட்டுக்கு எதுத்தாப்புல நல்ல கடை இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

வாசலுக்கு உள்ளே அந்த இரண்டு பெண்களும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். நான்சி கேடயத்தையும் ஹால் டிக்கெட்டையும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அவர்கள் பேசிக்கொண்டு போவது நன்றாகக் கேட்டது.

"யாருடி அது?"

"எங்க கணக்கு டீச்சர். ரொம்ப நல்லவுக. எனக்குக் கணக்கு வராதுன்னு மொதல்லயே கண்டுபிடிச்சுச் சொன்னவுக."